துப்பறிவாளன் வராத தோட்டம்

எங்கள் வீட்டுக்குக் கருப்பு வந்தது வீடியோ கேசட்டில்தான். 90களின் கடைசி. நிபோங் திபால் பட்டணத்துக் கடையில் வாடகைக்கு எடுத்து வருவோம். ஒரு கேசட்டில் நாலைந்து வாரத்து அத்தியாயங்கள் இருக்கும். பைராம் தோட்டத்தில் எங்கள் லயத்தில் ஒரு வீட்டில்தான் ஒழுங்காக ஓடும் டெக் இருந்தது. சனிக்கிழமை இரவு பக்கத்து வீட்டார் எல்லாரும் அங்கே கூடிவிடுவார்கள். 'விடாது கருப்பு' தொடங்கும். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதும் பாட்டி நீட்டியிருந்த காலை மடக்கிக்கொள்வார். சாமி வரும்போது காலை நீட்டக்கூடாதாம்.

ஒரு நாள் கேசட் பாதியில் முடிந்துவிட்டது. யார் கொலைகாரன் என்று எங்களுக்குள் ஒரே சண்டை. பாட்டி எழுந்து போகும்போது சொன்னார்: "யாருன்னு தெரிஞ்சா என்னா, தெரியாட்டி என்னா. சாமி பாத்துக்கும். நம்ம பெரிய தொரைய சுட்டானே, அது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எவனுக்காச்சும் தெரியுமா?"

தொரையை யார் சுட்டார்கள், எங்கே என்றெல்லாம் அப்போது நான் கேட்கவில்லை. அடுத்த கேசட் எப்போது வரும் என்பதுதான் என் கவலை. பல வருடம் கழித்துத் தொலைக்காட்சிக் குற்றத் தொடர்களையும் அவற்றோடு ஒட்டிப் பிறந்த மர்ம நாவல்களையும் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் பாட்டியின் அந்த வாக்கியம் எவ்வளவு பெரிய கேள்வி என்று உறைத்தது. கொலை நடந்த வீடு எங்கள் வட்டாரத்திலேயே இருந்தது. அதைத் துப்பறிய எங்கள் மொழியில் ஒருவரும் வரவில்லை.

மேற்கில் இந்த உறவு எப்படி இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். அங்கே பல சமயம் தொடர் முதலில் வரும், நாவல் பின்னால் வரும். 'கொலம்போ' ஓடிக்கொண்டிருந்த 70களிலேயே அதன் நாவல்கள் கடைக்கு வந்தன. 1984இல் தொடங்கிய 'மர்டர், ஷீ ரோட்' தொடரில் ஜெசிகா ஃப்ளெட்சர் என்ற மர்மக்கதை எழுத்தாளர்தான் கொலைகளைக் கண்டுபிடிப்பார். 1989 முதல் அந்த இல்லாத எழுத்தாளரின் பெயரிலேயே நாவல்கள் வந்தன. உண்மையில் எழுதியவர் டொனால்ட் பெய்ன். அட்டையில் இருவர் பெயரும் இருக்கும். தொடர் 1996இல் முடிந்தும் நாவல்கள் நிற்கவில்லை. 2009இல் 'காஸில்' தொடர் இன்னும் ஒரு படி மேலே போனது. தொடருக்குள் நாயகன் எழுதுவதாகக் காட்டப்பட்ட 'ஹீட் வேவ்' நிஜமாகவே அச்சாகி, 'ரிச்சர்ட் காஸில்' என்ற கற்பனைப் பெயரோடு விற்பனைக்கு வந்தது. திரையில் பார்த்த துப்பறிவாளரைப் பிரிய மனமில்லாத வாசகருக்குக் காகிதத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம், அவ்வளவுதான். வியாபாரம்தான், ஆனால் அதில் ஒரு பாசமும் இருக்கிறது.

தமிழில் ஆறு எதிர்த்திசையில் ஓடியது. இங்கே காகிதம்தான் ஊற்று. ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வெளியானது. துப்பறியும் கோவிந்தன் அவருடைய ஆள். அந்த நாவல் 1935இலும் மீண்டும் 1951இலும் படமானது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'திகம்பர சாமியார்' 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக வந்தது. எம்.என். நம்பியார் அதில் மாறுவேடம் மாற்றி மாறுவேடம் போட்டுக்கொண்டே இருப்பார். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: தமிழின் தொடக்க காலத் துப்பறிவாளர்களில் ஒருவர் சாமியார்! லண்டனில் அந்த வேலைக்குப் பூதக்கண்ணாடி போதுமாக இருந்தது. நம்மூரில் காவியும் சேர்ந்தால்தான் ஜனங்கள் நம்பினார்கள் போல.

பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். சுஜாதாவின் கணேஷ் 1968இல் 'நைலான் கயிறு' நாவலில் அறிமுகமானார், பின்னால் வசந்த் சேர்ந்துகொண்டார். 80களில் பாக்கெட் நாவல் காலம். ராஜேஷ்குமாருக்கு விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத்-சுசீலா, சுபாவுக்கு நரேந்திரன்-வைஜயந்தி. ராஜேஷ்குமார் மட்டும் 1500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். மாதா மாதம் வந்த அந்தச் சாணித்தாள் புத்தகங்கள் கப்பலேறி ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாக் கடைகளுக்கு வரும். அங்கிருந்து ஃபெரியில் கடல் தாண்டி எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த இதழ் சென்னையில் பழசாகியிருக்கும். ஒரு புத்தகம் இருபது கை மாறும். எங்களிடம் வரும்போது கடைசித் தாள் பெரும்பாலும் இருக்காது. கொலையாளி யாரென்று தெரியாமலேயே நான் படித்து முடித்த க்ரைம் நாவல்கள் எத்தனையோ. எங்கள் மாமா ஒருவர் கிழிந்த முடிவைத் தானே சொல்லி முடிப்பார். அவர் கதையில் கொலையாளி எப்போதும் முதலாளிதான்.

இத்தனை துப்பறிவாளர்கள் காகிதத்தில் இருந்தும் தொலைக்காட்சி வந்தபோது அவர்களுக்கு அங்கே வீடு கிடைக்கவில்லை. சினிமா கொஞ்சம் இடம் கொடுத்தது. 1977இல் 'காயத்ரி'யில் கணேஷாக ஜெய்சங்கர், 1978இல் 'ப்ரியா'வில் ரஜினிகாந்த். லண்டனில் நடக்கும் 'ப்ரியா' கதையைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கணேஷ் எங்களுக்கு மிக அருகில் வந்தது அப்போதுதான். வந்தவர் பாட்டுப் பாடிவிட்டுப் போய்விட்டார் என்பது வேறு விஷயம். தொலைக்காட்சியில் ஒன்றிரண்டு முயற்சிகள் வந்து போயின, எதுவும் மனதில் தங்கவில்லை. வங்காளிகளைப் பாருங்கள். சரதிந்து பந்தோபாத்யாய் எழுதிய பியோம்கேஷ் பக்‌ஷி 1993இல் பாசு சட்டர்ஜியின் தூர்தர்ஷன் தொடராக வந்தபோது இந்தியா முழுக்கவே அவர் தெரிந்த முகமாகிவிட்டார். ரஜித் கபூரைத் தவிர வேறு பியோம்கேஷை ஏற்க மறுப்பவர்கள் இன்றும் உண்டு. நம் கணேஷ்-வசந்துக்கு அப்படி ஒரு நிரந்தர முகம் அமையவில்லை.

அவர்களுக்குப் பதிலாகத் தமிழ்த் தொலைக்காட்சியில் ஜெயித்தது 'மர்ம தேசம்'. கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜன் கதை. 'ரகசியம்' பகுதியில் இரவில் கோவிலுக்குள் போகிறவர்கள் பார்வை இழக்கிறார்கள். 'விடாது கருப்பு' பகுதியில் தப்புச் செய்தவர்கள் சாகிறார்கள், குதிரையில் வந்து கருப்பசாமி கொல்வதாக ஊர் நம்புகிறது. இரண்டிலும் குற்றம் உண்டு, சந்தேகம் உண்டு, படித்த இளைஞர்கள் வந்து விசாரிப்பதும் உண்டு. ஆனால் அந்த விசாரிப்பவர்கள் பெயர் உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? எனக்கு இல்லை. எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது கருப்பு.

இதற்குத் தொழில் சார்ந்த காரணம் ஒன்று இருக்கலாம். பாக்கெட் நாவலை ஒரு பேருந்துப் பயணத்தில் முடித்துவிடலாம், அதன் வேகமே அதன் உயிர். வாரத் தொடர் மாதக்கணக்கில் ஓட வேண்டும். ஒரு துப்பறிவாளர் மாதக்கணக்கில் கண்டுபிடிக்காமல் இருந்தால் அவரை முட்டாள் என்றுதான் நினைப்போம். சாமிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. சாமி எத்தனை வாரம் வேண்டுமானாலும் மௌனமாக இருக்கலாம். நாகா இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர். ஒரே கதையில் அன்றைய சிறுவனின் காலத்தையும் இன்றைய காலத்தையும் பின்னிப் பின்னிக் காட்டினார். அந்தக் காலத்துத் தமிழ்ச் சீரியலில் அது சாதாரண காரியம் இல்லை.

'மர்ம தேச'த்துக்கும் நாவல்தான் முன்னோடி. 'ரகசியமாக ஒரு ரகசியம்', 'விட்டு விடு கருப்பா' என்ற இரண்டும் தனியே நூலாக இருக்கின்றன. ஆனால் கடையில் கேட்பவர்கள், "அந்த 'விடாது கருப்பு' புக் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். மூல நாவல் தன் தொடரின் நிழலாக மாறிவிட்டது. 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் இறந்தபோது என் தலைமுறை நண்பர்கள் பகிர்ந்துகொண்டது அவருடைய வரிகளை இல்லை, அந்தக் குதிரைச் சத்தத்தை. ஓர் எழுத்தாளருக்கு இது பெருமையா வருத்தமா என்று எனக்கு இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

இப்போது பாட்டி சொன்ன தொரைக்கு வருகிறேன்.

நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் கலிடோனியா தோட்டத்தில் ஒரு பாழடைந்த மாளிகை நிற்கிறது. எல்லாரும் அதைத் தொண்ணூற்றொன்பது கதவு வீடு என்பார்கள். ராம்ஸ்டென் குடும்பத்தினுடையது. செபராங் பிறையின் இந்தத் தென்பகுதி 19ஆம் நூற்றாண்டில் கரும்புக் காடு. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கொண்டுவந்து கரும்பு வெட்ட வைத்தார்கள். பின்னால் கரும்பு போய் ரப்பர் வந்தது. கம்பெனியின் பெயரும் பினாங்கு ரப்பர் எஸ்டேட்ஸ் ஆனது. இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் ராம்ஸ்டென்களின் பூர்வீக மாளிகை இருந்த இடத்தின் பெயர் பைராம். 1689இல் அவர்களுக்குக் கிடைத்த பிரபுப் பட்டமே 'பைராமின் ராம்ஸ்டென்' என்பதுதான். எங்கள் தோட்டத்துப் பெயர் எங்கிருந்து வந்திருக்கும் என்று இதற்கு மேல் துப்பறியத் தேவையில்லை. நான் சின்ன வயதில் பைராம் என்பது ஏதோ மலாய் வார்த்தை என்றே நினைத்திருந்தேன். பள்ளிச் சட்டையில் அந்தப் பெயரைத்தான் ஆறு வருடம் குத்திக்கொண்டு போனேன்.

அந்தக் குடும்பத்தின் ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டென் 1948இல் அதே மாளிகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாடிப்படி ஏறும்போது பின்னாலிருந்து சுட்டார்கள் என்பார்கள். யார் செய்தது என்பது நிரூபிக்கப்படாமலேயே போனது. பூட்டிய மாளிகை, பணக்கார வெள்ளைக்காரர், வேலைக்காரர்கள், பின்மண்டையில் குண்டு. அகதா கிறிஸ்டிக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் இதிலிருந்து ஒரு துப்பறியும் கதை பிறக்கவில்லை. பேய்க்கதைதான் பிறந்தது. வீடு காலியானதும் ஒரு போமோ அங்கே தங்கிப் பூசை செய்தான், நூறாவது கதவு ஒன்று இருக்கிறது, அது வேறு உலகத்துக்குத் திறக்கிறது என்றெல்லாம். இன்றைக்கும் இளைஞர்கள் இரவில் கேமராவோடு அங்கே போவது அந்த நூறாவது கதவைத் தேடித்தான். தொரையைக் கொன்றவனைத் தேடி யாரும் போவதில்லை.

கேசட் வருவதற்கு ஐம்பது வருடம் முன்னாலேயே எங்கள் வட்டாரத்தில் ஒரு 'மர்ம தேசம்' நடந்து முடிந்துவிட்டது என்று இதைச் சொல்லலாம். குற்றம் முதலில், விசாரணை நடுவில் காணாமல் போய், கடைசியில் அமானுஷ்யம்.

ஏன் இப்படி ஆனது? தமிழர்களுக்குப் பகுத்தறிவு போதாது, பேய் பிசாசில்தான் மோகம் என்று ஒரு சுலபமான பதில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. துப்பறியும் கதை ஓடுவதற்கு ஓர் அடிப்படை வேண்டும்: கேள்வி கேட்க உரிமை உள்ள ஒருவன். அவன் பிரபுவின் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, "நேற்று இரவு பத்து மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்பான், பிரபு பதில் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் இது கற்பனைக்கே எட்டாத காட்சி. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தொரையைப் பார்த்ததும் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துங்கள் என்பது. சைக்கிளை விட்டு இறங்காமல் போவதற்கே போராட வேண்டியிருந்த இடம் அது. அந்தப் போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, தொழிலாளர்கள் செத்தார்கள், தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். பெரட்டுக் களத்தில் தொரையும் கிராணியும் கேட்பார்கள், தண்டல் கேட்பான், கூலி பதில் சொல்வான். கேள்வி எப்போதும் மேலிருந்து கீழேதான் வரும்.

1948க்குப் பிறகு அது இன்னும் இறுகியது. அந்த ஜூன் மாதம் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. விசாரணை இல்லாமல் யாரையும் உள்ளே வைக்கலாம். துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டது அந்தக் குற்றச்சாட்டில்தான். அந்தச் சூழலில் லயத்தில் இருந்த ஒருவர், தொரையைச் சுட்டது யார் என்று வாய்விட்டு யோசிப்பதே ஆபத்து. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் இந்தப் பக்கமும் ஆபத்து, காட்டுப் பக்கமும் ஆபத்து. ஆவி செய்தது என்று சொல்வதில் யாருக்கும் ஆபத்தில்லை. பேயை யாரும் கைது செய்ய முடியாதே.

தோட்டத்து எல்லையில் முனியாண்டியும் மதுரை வீரனும் நின்றார்கள். நியாயம் கேட்கப் போகக்கூடிய இடம் அது ஒன்றுதான், மனுப் போட வேண்டியதில்லை, மொழி தெரிய வேண்டியதில்லை. குதிரையில் வந்து தப்புச் செய்தவனை அடிக்கும் கருப்பு எங்கள் பாட்டிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த கதையாகவே தெரியவில்லை. அவருக்கு அது நடப்புச் செய்தி.

பழைய கதைதானே, இப்போது நிலைமை வேறு என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் 22 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் போலீஸ் காவலில் இறந்தார். சந்தேக நபராக உள்ளே போனவர் பிணமாக வெளியே வந்தார். குடும்பம் தொடுத்த வழக்கில் 2013இல் உயர்நீதிமன்றம் அவர்களுக்கு நஷ்டஈடு வழங்கத் தீர்ப்புச் சொன்னது. அந்த இடைப்பட்ட நான்கு வருடம் ஒரு தாயும் வழக்கறிஞர்களும் செய்ததுதான் துப்பறியும் வேலை. அதில் போலீஸ் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தது. மலேசியத் தமிழ் நாடகங்களில் நம் பையன்கள் குண்டர்களாக வந்துகொண்டே இருக்கிறார்கள். கொலை நடந்தால் முதலில் சந்தேகப்படுவது அவனைத்தான். அவன் கேள்வி கேட்பவனாக வரும் கதையை, விவேக் மாதிரி கணேஷ் மாதிரி ஒரு வரிசையாக, இங்கே நான் படித்ததில்லை.

தமிழ்நாட்டிலும் முழுக்க மாறிவிடவில்லை. 2022இல் புஷ்கர்-காயத்ரி எழுதிய 'சுழல்' இணையத் தொடராக வந்தது. காணாமல் போன பெண், தொழிற்சாலைத் தீ, விசாரிக்கும் போலீஸ் எல்லாம் சரி. ஆனால் கதையின் முதுகெலும்பு மயானக் கொள்ளைத் திருவிழா. அம்மன் வேடத்தின் நடுவில்தான் உண்மை வெளியே வருகிறது. இம்முறை போலீஸ்காரர்கள் பெயர் ஞாபகத்தில் நிற்கிறது, அது ஒரு முன்னேற்றம். ஆனாலும் அந்தத் தொடரின் பெயரில் ஒரு நாவல் வரிசையை எந்தக் கடையிலும் நான் பார்க்கவில்லை. ஆறு இன்னும் திசை திரும்பவில்லை.

நம் பக்கம் குற்றத்தை நேருக்கு நேர் பார்த்த எழுத்து இல்லாமலும் இல்லை. ம. நவீனின் 'பேய்ச்சி' 1981இல் லுனாஸில் விஷச் சாராயம் குடித்துப் பலர் செத்த உண்மைச் சம்பவத்தைத் தொட்டு எழுதப்பட்ட நாவல். அதன் தலைப்பிலும் ஒரு சாமி நிற்கிறாள். ஆனால் அங்கே சாமி விசாரணையை மூடி வைக்க வரவில்லை. செத்தவர்கள் யார், எப்படி வாழ்ந்தவர்கள் என்று திறந்து காட்ட வருகிறாள். 'விடாது கருப்பு' பாணியிலிருந்து அது விலகிப் போகும் இடம் இது என்பது என் வாசிப்பு. 2020இன் இறுதியில் உள்துறை அமைச்சு அந்த நாவலைத் தடை செய்தது. ஆபாசம் என்பது காரணம்.

போன வருடம் தொண்ணூற்றொன்பது கதவு வீட்டுப் பக்கம் போயிருந்தேன். சுற்றிலும் செம்பனை. எனக்கு முன்னாலேயே மூன்று பையன்கள் மோட்டாரில் வந்து நின்று கதவுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கை சரியாக வரவில்லை, சண்டை போட்டார்கள். சுடப்பட்ட தொரையின் பெயர் தெரியுமா என்று கேட்டேன். "ஏதோ வெள்ளைக்காரன், அண்ணே" என்றான் ஒருவன். அந்த வீட்டில் வேலை செய்த தமிழர்கள் யார் யார் என்று அவர்களிடம் கேட்பதில் அர்த்தமில்லை. எனக்கே ஒரு பெயரும் தெரியாது.

பாட்டி சாவதற்குச் சில மாதம் முன்னால் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். அப்போது அவருக்குப் பத்து வயசு இருந்திருக்கும். சேதி வந்த அன்றைக்கு வீட்டில் விளக்கைச் சீக்கிரமே அணைத்துவிட்டார்கள், அது மட்டும்தான் ஞாபகம் என்றார். யார் செய்தது என்று உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டேன். பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"தெரிஞ்சிருந்தா மட்டும் சொல்லுவாங்களாடா?"